வைத்திய அறிவுக்குப் பூட்டா?

ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் நினைவுக்கு வருகிறார். நர்ஸ் நினைவுக்கு வருகிறார். வைத்திய நூலகர் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. உலகமெங்கும் வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் சுகாதாரச் செய்திகளையும் இணையத்தில் தேடி, மெய் எது, பொய் எது என்று சலித்து, டாக்டர்களிடம் எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. இந்த வேலை நடக்காத இடத்தில் ஏழை எளியவர்களின் உயிர் போகிறது. இதற்கு இரண்டு உதாரணங்களை நமது வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அமெரிக்காவில் நடந்தது. பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை உலகப் புகழ் பெற்றது. 2001-ம் ஆண்டு அங்கே ஆஸ்துமா நோய் பற்றி ஒரு பரிசோதனை நடந்தது. அங்கேயே ஆய்வுக்கூடத்தில் ஊழியம் செய்த 24 வயதுப் பெண் ஒருவர், நல்ல தேக ஆரோக்கியம் உள்ளவர், பரிசோதனைக்கு இசைந்தார். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் கெட்டு, ஜூன் 2-ம் தேதி அவர் இறந்து போனார்.

இந்த மருந்தால் நுரையீரலுக்குக் கேடு வரும் என்பது யாரும் அறியாத ரகசியமா? இல்லை. 1950-களிலேயே வைத்தியப் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சி நடத்திய டாக்டர் 'பப்மெட்' என்ற இணையப் பட்டியலில் தேடினார். அன்று அந்தப் பட்டியல் 1966-க்குப் பிந்திய கட்டுரைகளைத்தான் காட்டியது. பழைய எச்சரிக்கைகள் அவர் கண்ணில் படவில்லை. சாவுக்குப் பிறகு வைத்திய நூலகர்கள் தேடினார்கள், கட்டுரைகள் கிடைத்தன. எங்கே, எப்படித் தேடுவது என்பது அவர்கள் கற்ற தொழில். அந்தத் தொழிலாளியை முன்னதாகக் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கலாம்.

அங்கே தேடுவதில் குறை. இரண்டாவது உதாரணத்திலோ, தேடினாலும் கதவு பூட்டிக் கிடந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா ஓர் ஏழை நாடு. 2014-ல் எபோலா காய்ச்சல் அங்கும், அண்டை நாடுகளான கினியிலும் சியாரா லியோனிலும் காட்டுத் தீபோல் பரவியது. 2016-க்குள் மூன்று நாடுகளிலும் 11,300 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 4,800 பேருக்கு மேல் லைபீரிய மக்கள். இந்த நோய் தங்கள் பகுதியில் கிடையாது என்றே அதிகாரிகள் நம்பியிருந்தார்கள். ஆனால் 1982-லேயே ஜெர்மன் விஞ்ஞானிகள் லைபீரிய மக்களின் ரத்தத்தைச் சோதித்து, எபோலா கிருமி தீண்டிய அடையாளங்களைக் கண்டு, ஐரோப்பியப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தார்கள்!

ரத்தம் கொடுத்தவர்கள் லைபீரிய மக்கள். சேதி மட்டும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2015 ஏப்ரலில் அந்நாட்டுச் சுகாதார இலாகாவின் தலைமை வைத்திய அதிகாரி பெர்னிஸ் டான் முதலியோர் இதை அம்பலப்படுத்தினார்கள். இப்படிப்பட்ட ஒரு கட்டுரையை இணையத்தில் வாங்க 45 டாலர். அது லைபீரிய டாக்டர் ஒருவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம்! ஒரு கட்டுரை மட்டுமே தொற்றைத் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கையுறையும் மருந்தும் பயிற்சியும் முன்கூட்டியே வேண்டுமென்று கேட்க அது ஆதாரமாக இருந்திருக்கும்.

பூட்டுப் போட்டது யார்? ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம் செலவாகிறது. விஞ்ஞானிகள் கட்டுரை எழுதுவதற்குப் பத்திரிகைக் கம்பெனி கூலி கொடுப்பதில்லை. அதைப் படித்துச் சரிபார்க்கும் மற்ற விஞ்ஞானிகளுக்கும் பொதுவாகக் கூலி இல்லை. பிறகு அதே கட்டுரையை அதே மக்களின் நூலகங்களுக்குக் கம்பெனிகள் விலைக்கு விற்கின்றன. நெய்தவன் துணியை இனாமாகக் கொடுத்துவிட்டு, அதையே கடையில் காசு கொடுத்து வாங்குகிற கதைதான் இது. பிரசுரிக்கச் செலவு உண்டு என்கிறார்கள். நியாயமான செலவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இத்துறையில் முதன்மையான எல்ஸ்வியர் கம்பெனி நூற்றுக்கு 30-க்கு மேல் லாபம் பார்க்கிறதே, அது எந்தச் செலவு?

இந்தப் பூட்டு உடைக்க முடியாததல்ல. அமெரிக்காவின் தேசிய வைத்திய நூலகம் 1997-ல் பப்மெட் பட்டியலை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2000-ல் முழுக் கட்டுரைகளையும் இலவசமாகத் தரும் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகள், வெளியாகும் அன்றே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

நமது மத்திய சர்க்கார் செய்தது என்ன? 2024 நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 13,000 பத்திரிகைகளை அரசு உயர்கல்வி நிலையங்களும் மத்திய ஆராய்ச்சி நிலையங்களும் படிக்கலாம். மாணவர்களுக்கு இது நன்மையே. ஆனால் பணம் போய்ச் சேருவது 30 பிரசுரக் கம்பெனிகளுக்கு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டரும் நர்ஸும் இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

பஞ்சுத் தூசியை மூச்சில் இழுக்கும் மில் தொழிலாளிக்கும், பூச்சி மருந்து தெளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். தூசியும் விஷமும் உடம்பை என்ன செய்கின்றன என்பது அந்தக் கட்டுரைகளில்தான் இருக்கிறது. நஷ்டஈடு கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய சாட்சியமும் அதுவே.

ஆகவே நாம் கோருவது இதுதான்: மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மக்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் தேர்ச்சி பெற்ற வைத்திய நூலகர் இருக்க வேண்டும். அவர் கண்டெடுப்பது தெளிவான தமிழில் தொழிற்சங்கங்களுக்கும் கிராமங்களுக்கும் வந்து சேர வேண்டும். இது சலுகையல்ல, உரிமை. இதை ஒவ்வொரு சங்கமும் தனது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.