இறந்தா உயில் இருக்கு... மறந்தா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம். போன மாசம் அப்பாவோட ஒரு சண்டை. அதுக்கப்புறம் இனிமேலும் தள்ளிப்போடக் கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன். (டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நல்ல வக்கீலைக் கேட்டுக்குங்க.)

எங்க தாத்தா ரிடையர்டு கணக்கு வாத்தியார். பத்து பைசா இடிச்சாலும் ராத்திரி தூங்க மாட்டார். அவருக்கு டிமென்ஷியா வந்தப்போ முதல்ல போனது பேருங்க, அப்புறம் தேதி, கடைசியா அவரோட கையெழுத்து. பார்த்துக்க ஆள் போட்டோம். மாசாமாசம் செலவு. பணம் இல்லாம இல்லை, தாத்தா பேர்ல டெபாசிட் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை.

கையெழுத்து ஒத்துப்போகலைன்னு பேங்க்ல சொல்லிட்டாங்க. கைநாட்டு வைக்கலாமேன்னு அப்பா கேட்டார். மேனேஜர் நல்ல மனுஷன், வீட்டுக்கே வந்தார். "சார், இந்தப் பணத்தை எடுக்க உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டார். தாத்தா அவரை உட்காரச் சொல்லிட்டு, "எந்த ஸ்கூல்லேர்ந்து வர்றீங்க?"ன்னார். மேனேஜர் காபியைக் குடிச்சுட்டு பேசாம கிளம்பிட்டார். அவர் மேல தப்பே இல்லை. கைநாட்டு, கை நடுங்கறவங்களுக்கான ஏற்பாடு. என்ன செய்யறோம்னே தெரியாதவங்களுக்கானது இல்லை.

அப்பாதான் நாமினி. ஆனா நாமினிக்கு வேலை வர்றது ஆள் போனப்புறம்தான். உயிலும் அப்படித்தான். சரி, பவர் எழுதி வாங்கலாம்னா, எழுதிக் கொடுக்கறவருக்குப் புத்தி தெளிவா இருக்கணும்.

முன்னாடியே பவர் எழுதி வெச்சிருந்தா? இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ம் பிரிவு. பவர் கொடுத்தவருக்குச் சித்தசுவாதீனம் போனா, பவரும் அதோட முடிஞ்சுது. அதாவது, அந்தப் பத்திரம் என்னிக்குத் தேவைப்படுதோ கரெக்டா அன்னிக்கு அது செல்லாது! மெயின் சர்வர் படுத்தா கூடவே படுத்துக்கிற பேக்கப் சர்வர் மாதிரி. எங்க ஆபீஸ்ல எவனாவது இப்படி டிசைன் பண்ணினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

சிங்கப்பூர்ல இதுக்குன்னே 2008-ல ஒரு சட்டம் போட்டாங்க. தெளிவா இருக்கும்போதே, "எனக்கு முடியாம போனா இவர் எனக்காக முடிவெடுக்கட்டும்"னு எழுதிப் பதிஞ்சு வைக்கலாம். எழுதறவர் புரிஞ்சுதான் எழுதறார், யாரும் மிரட்டலைன்னு தகுதியுள்ள டாக்டரோ வக்கீலோ சான்று கொடுக்கணும். மேற்பார்க்க ஒரு அரசு அலுவலகமும் உண்டு. இங்கிலாந்துலயும் 2005-லயே சட்டம் இருக்கு.

நம்ம ஊர்ல? 1987-ம் வருஷத்து மனநலச் சட்டத்துல, சொத்தைப் பார்த்துக்க கோர்ட் மூலமா ஒருத்தரை நியமிக்க வழி இருந்தது. அதை எடுத்துட்டு 2017-ல புதுச் சட்டம் வந்தது. மனநலச் சிகிச்சை எப்படி வேணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம், நமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா வீடு, பேங்க், பணம் பத்தி வாயே திறக்கலை. அதனால ஹைகோர்ட்தான் கதி. 2024-ல சென்னை உயர் நீதிமன்றம், கோமால இருந்த ஒருத்தருக்கு அவர் மனைவியையே கார்டியனா நியமிச்சுது. தாத்தாவோட டெபாசிட்டை உடைக்க ஹைகோர்ட் வரைக்கும் போகணுமான்னு நீங்களே சொல்லுங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு அப்பாகிட்ட, "நீங்க இப்பவே சிலதை எழுதி வெச்சுடுங்கப்பா"ன்னேன். "நான் நல்லா இருக்கும்போதே எழுதி வாங்கப் பாக்கறியா?"ன்னு கத்திட்டார். ரெண்டு நாள் பேச்சே இல்லை.

யோசிச்சா அவர் பயம் நியாயம்தான். வீட்டை எழுதிக் கொடுத்துட்டு திண்ணைக்கு வந்தவங்க கதை ஊருக்கு ஊர் இருக்கு. அதனாலதான் சொல்றேன், பிள்ளைங்களை நம்புங்கன்னு உபதேசம் பண்ணிப் பிரயோஜனமில்லை. நம்பாதவங்களும் தைரியமா கையெழுத்துப் போடற மாதிரி, மேற்பார்வையோட ஒரு சட்டம் வேணும்.

அது வர்ற வரைக்கும் இருக்கறதை வெச்சு ஒப்பேத்தணும். சேமிப்புக் கணக்கை ரெண்டு பேர் பேர்ல, யார் வேணா இயக்கற மாதிரி மாத்தலாம். உயிலைத் தெளிவா இருக்கும்போதே ரெண்டு சாட்சியோட எழுதிடலாம். உயிர் காக்கும் சிகிச்சை எதுவரைக்கும் வேணும்னு எழுதி வைக்க சுப்ரீம் கோர்ட் 2018-ல வழி விட்டுது. முதல்ல அதுக்கு மாஜிஸ்திரேட் வேணும்னாங்க. 2023-லேர்ந்து ரெண்டு சாட்சியும் நோட்டரியும் போதும்.

கடைசில நானே ஆரம்பிச்சேன். எனக்கு இருபத்தெட்டு வயசுதான். ஆனா மூளை மக்கர் பண்ண வயசாகணும்னு இல்லையே, பைக்ல ஒரு அடி போதும். கணக்குல அம்மா பேரையும் சேர்த்தேன். சிகிச்சைப் பத்திரத்துல, எனக்காக முடிவெடுக்கறவர்ங்கற இடத்துல அப்பா பேரை எழுதி, நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி, அவர் மேஜைல வெச்சுட்டு ஆபீஸ் போயிட்டேன்.

சாயங்காலம் வந்தப்போ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மூணாவது தடவையா படிச்சுக்கிட்டு இருந்தாராம், அம்மா சொன்னாங்க. என்னை நிமிர்ந்து பார்த்தவர், ரெண்டு நாள் மௌனத்தையும் கலைச்சுட்டு கேட்டார்:

"நோட்டரிக்கு எவ்வளவு கொடுத்தே?"