கோலா கெட்டில் சாக்கடை, சுங்கைப்பட்டாணி குழாய்

இண்டா வாட்டர் பில்லைப் பார்த்ததும், "லயத்தில் இருந்தபோது இதெல்லாம் ஏது?" என்று கேட்கும் பெரியவர்கள் கெடாவில் இன்னும் இருக்கிறார்கள். நல்ல சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள். கழிவிலுள்ள அம்மோனியாவை ஒரு வகை, காற்று ஊதும் தொட்டியில் நைட்ரேட்டாக மாற்றும். காற்றில்லாத தொட்டியில் இன்னொரு வகை, நைட்ரேட்டின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான்.

வீட்டு செப்டிக் தொட்டிக்குள் காற்றே இல்லை. முதல் படியே நடக்காமல் அம்மோனியா அப்படியே சாக்கடைக்குப் போகிறது. கோலா கெட்டில் பக்கத்துச் சாக்கடை, கெட்டில் ஆறு வழியாக மூடா ஆற்றில் சேரும். அந்த மூடா நீரைத்தான் சுங்கைப்பட்டாணியும் பினாங்கும் குடிக்கின்றன. (சுங்கைப்பட்டாணியின் கழிவு மெர்போக் ஆற்று மீன்களுக்கு!) ஆற்றில் அம்மோனியா ஏறினால், கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் அதற்கே தீர்ந்துவிடும்.

குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடும் புதிய நிலையங்களுக்கு 2009 விதிமுறை லிட்டருக்கு 10 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் 150 பேருக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு அது பொருந்தாது. நம் தோட்டத்து வீட்டு வரிசைகள் பலவும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அங்கே தொட்டியைக் கடைசியாக எப்போது உறிஞ்சினார்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்.