நிழலில் பொய் கூடாது

கேலிச்சித்திர மகிழுந்து ஒன்றை வரையுமாறு கூறினால், உங்களுள் பலர் தொலைக்காட்சியில் கண்ட பந்தய வண்டியையே வரைகிறீர்கள். முன்கண்ணாடியில் இரு கண்கள். கீழே ஒரு சிரிப்பு. பிறகு கோட்டுக்குள் சிவப்பு வண்ணத்தை ஒரே சீராக நிரப்பிவிடுகிறீர்கள். வண்டியோ தரையில் நில்லாமல், சுவரொட்டிபோல் தட்டையாகத் தோன்றுகிறது. வண்ணத்தைத் தொடுமுன் பென்சிலால் நிழலிடக் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேலிச்சித்திரம் மிகைப்படுத்தும் கலை. உருவத்தில் அது பொய் சொல்லலாம். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் மகிழுந்தை நினைத்துப் பாருங்கள். உருண்ட முன்பக்கம், வட்ட விளக்குகள், அகன்ற உடல். பாதிக் கேலிச்சித்திரமாகவே பிறந்த வண்டி அது! அதனை இன்னும் பருக்க வைக்கலாம். விளக்குகளுக்கு இமைகளும் வரையலாம். ஒருவரும் குறை கூறார். நிழலை மாற்றி வரைந்தாலோ, பார்ப்பவர் கண் உடனே உறுத்தும்.

மட்டாஞ்சேரியின் பஜார் சாலைக்குக் காலை வேளையில் சென்று பாருங்கள். கிழக்கே காயலுக்கு மேல் எழும் வெயில், பண்டகசாலைகளின் இடைவெளியில் சாய்ந்து விழும். அங்கு நிற்கும் வண்டியின் ஒரு பக்கம் ஒளிரும், மறுபக்கம் மங்கும். மிகுந்த இருள் எங்கே? சக்கரம் தரையைத் தொடும் இடத்தில். அந்தச் சிறு கருமையே வண்டிக்குக் கனம் தருகிறது. ஆகவே, தாளின் மூலையில் முதலில் ஒரு சிறு சூரியனைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா நிழலும் அதற்கு எதிர்ப்புறமே விழட்டும்.

பென்சிலின் நடுவே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. களிமண் மிகுந்தால் கடினம், கோடு வெளிறும். அது ‘எச்’ வகை. கிராஃபைட்டு மிகுந்தால் மென்மை, கோடு கருக்கும். அது ‘பி’ வகை. உருவத்தை எச்பி பென்சிலால் மெல்ல வரைந்து, உடலுக்கு 2பி, சக்கரத்துக்கு 4பி கொள்ளலாம். கண்ணாடியில் மின்னும் ஒளிக்கு எந்தப் பென்சிலும் வேண்டா. தாளின் வெண்மையை விட்டுவைத்தாலே போதும். விரலால் மட்டும் தேய்க்காதீர்கள். படமும் கெடும், சட்டையும் கெடும்.

கோடு ஒன்றே போதும், நிழல் எதற்கு என்பாரும் உளர். செய்தித்தாள் ஓவியர்கள் சில கோடுகளாலேயே கனத்தைக் காட்டிவிடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அது பல்லாண்டுகள் பார்த்துப் பழகிய கண் பெற்ற பேறு. நாம் இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

என் மாணவி ஒருத்தி, தன் தந்தை ஓட்டும் சரக்கு ஆட்டோவைத் தூங்கி வழியும் கண்களோடு வரைந்தாள். அடியில் நிழலும் இட்டாள். “அழுக்காக இருக்கிறதே” என்று அருகிலிருந்தவன் கூற, நிழல் முழுவதையும் அழித்துவிட்டாள். வீட்டில் படத்தைப் பார்த்த தந்தை, “சக்கரத்தின் கீழே ஒன்றும் இல்லையே அம்மா, லோடு ஏற்றினால் வண்டி எங்கே நிற்கும்?” என்று கேட்டாராம். மறுநாள் அவள் என்னிடம் வந்து 4பி பென்சில் கேட்டாள்.