சாயத்தின் கணக்கை யார் கட்டுவது?

மாண்புமிகு கைத்தறி மற்றும் துணிநூல் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வானூர் வட்டம் இரும்பையிலிருந்து எழுதுகிறேன். கடுவெளிச் சித்தர் கதை வழங்கும் ஊர். அந்தக் கதையும் மழை பொய்த்ததில்தான் தொடங்குகிறது. தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குப் பயம் கொஞ்சம் கூடுதல்.

பக்கத்தில் ஆரோவில். 2004 சுனாமிக்குப் பிறகு அங்குள்ள உபாசனா ஆடை நிறுவனம், தையலில் மிஞ்சிய துண்டுத் துணியை மீனவப் பெண்களிடம் கொடுத்து, விரலளவுப் பொம்மை செய்யப் பழக்கியது. பெயர் சுனாமிகா. விற்பதில்லை, அன்பளிப்புதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் பசுமை உற்பத்தி என்றதும் எல்லோரும் காட்டுவது இப்படிப்பட்ட துண்டுத் துணியைத்தான். அது கண்ணுக்குத் தெரியும், படம் பிடிக்கலாம். சாயத் தண்ணீரை யாரும் காட்டுவதில்லை.

அதைப் பார்க்க நொய்யல் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிப்போனது. அணையைத் திறந்தால் வயல் கெடும் என்று விவசாயிகளே அஞ்சிய கொடுமை வேறெங்கே உண்டு? அவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் மீண்டும் திறக்கலாம்.

திருப்பூர் அவ்வளவுதான் என்றார்கள். 2022-23இல் அதன் பின்னலாடை ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆற்றைக் காத்தால் தொழில் படுத்துவிடும் என்ற பேச்சு அத்தோடு பொய்யானது. ஆனால் இடையில் மூடிய சிறு பட்டறைகள் பல மூடியவைதான். கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றவைக்க மின்சாரமும் நீராவியும் ஓயாமல் வேண்டும். அந்தச் செலவு விழுவது ஜாப் ஒர்க் செய்யும் சாயப்பட்டறைக்காரர் தலையில். ‘பசுமை’ முத்திரை தொங்குவதோ வெளிநாட்டு பையரின் சட்டைக் காலரில். விலை பேசும்போது அவர் பைசா பைசாவாகக் குறைப்பார்.

பையரை நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஐயா, நீங்களே பெரிய பையர்தான். பொங்கலுக்கு ஒன்றேமுக்கால் கோடி அளவில் வேட்டியும் சேலையும், எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடையும் அரசு கொடுக்கிறது. அந்தச் சீருடைத் துணி எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அதன் கழிவுநீர் எங்கே போனது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

அடுத்த டெண்டரில் இரண்டு வரி சேருங்கள். சாயம் ஏறிய பட்டறையின் பெயர் ஒன்று. சுத்திகரிப்புச் செலவைத் துணி விலையோடு கலக்காமல், பேரத்துக்கு உட்படாத தனித் தொகையாகத் தருவது மற்றொன்று. ஏற்றுமதிக்காரர்களிடம் அதற்குப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
இரும்பைவாசி ஒருவன்