பீடை மாதமா, பீடு மாதமா?

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு விட்டதும் ரொறன்ரோவில் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "இனி ஆறு மாதம் மறியல்." பிள்ளைகள் வேலைக்குப் போனபின் யன்னல் சீலையைக்கூட விலக்காமல், தொலைக்காட்சிக்கு முன்னால் பொழுதைக் கழிக்கும் வயதானவர்கள் பலர். டிசம்பரில் பின்னேரம் நாலே முக்காலுக்கே பொழுது பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிலும் மனம் போகாது. வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள். அவர்களோ வயது என்று சொல்லிக்கொள்வார்கள்.

பலருக்கு இது சோம்பலும் இல்லை, வயதும் இல்லை. பருவகால மனச்சோர்வு என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு. 1984 இல் இதை விவரித்துப் பெயரிட்ட நோர்மன் றோசன்தால் தென்னாபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். வெயில் நாட்டிலிருந்து வந்த அவர், குளிர்காலத்தில் உற்சாகம் வடிந்துபோவதை முதலில் தன்னிடமே கவனித்தார். நம்மைப் போல வந்து குடியேறிய ஒருவர்தான் இதைக் கண்டு சொன்னார் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

மற்ற மனச்சோர்வுகளில் நித்திரையும் பசியும் குறைவதுண்டு. இதில் பெரும்பாலும் நேர்மாறு. நித்திரை கூடும், வாய் சோறும் பாணும் இனிப்பும் தேடும், ஆட்களைக் கண்டால் ஒதுங்கத் தோன்றும். குளிரை நாம் திட்டினாலும், முக்கிய காரணம் வெளிச்சக் குறைவு. காலை ஒளி கண்ணில் பட்டால்தான் உடம்பின் மணிக்கூடு நேரத்துக்கு ஓடும். டிசம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் பகல் பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவில் ஒன்பது மணி நேரம்கூட இல்லை.

அப்படியானால் சூரியனே எழாத ஊரில் என்ன கதி? நோர்வேயின் வடக்கில் உள்ள துரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. 2014 இல் காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு மாணவி, அங்குள்ளவர்கள் இதை எப்படித் தாங்குகிறார்கள் என்று அறியப் போனார். பலர் குளிர்காலத்தைத் தாங்க வேண்டிய ஒன்றாகவே நினைக்கவில்லை. நண்பகலில் பனிமேல் விழும் நீல ஒளி, சறுக்கு நடை, மெழுகுதிரி வெளிச்சத்தில் நண்பர்களோடு உணவு என்று அதற்கே உரியவற்றை எதிர்பார்த்திருந்தார்கள். குளிர்காலத்தை நல்லதாகப் பார்த்தவர்களிடம் வாழ்க்கை பற்றிய திருப்தியும் கூடுதலாக இருந்ததை அவர் பதிவு செய்தார்.

நோர்வேக்காரர் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாம் நல்லது" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. றியூக்கன் என்ற பள்ளத்தாக்கு ஊரில் செப்டெம்பர் முதல் மார்ச் வரை வெயில் விழாது. 1928 இல் அங்குள்ள மக்கள் மலைக்கு ஏறி வெயில் காய்வதற்கென்றே கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டது. 2013 இல் மலையில் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். பார்வை மாறினால் காலும் கையும் அசையவேண்டும். அசையாவிட்டால் அது வெறும் ஆறுதல் வார்த்தை. குளிர்காலம் மறியல் என்று நினைப்பவர் கதவைச் சாத்துகிறார். வெளிச்சமும் மனிதரும் இல்லாமல் போக, சோர்வு இன்னும் கூடுகிறது. வெளியே தனக்கு ஏதோ இருக்கிறது என்று நினைப்பவர் சப்பாத்தை மாட்டுகிறார்.

இந்தப் பார்வை மாற்றத்தை நாம் நோர்வேயிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. மார்கழியைப் பீடை மாதம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது பீடை அல்ல, பீடு, பெருமையுடைய மாதம் என்பாரும் உண்டு. ஊரில் திருவெம்பாவைக் காலத்தில் விடியமுன் எழும்பி, குளித்து, சங்கும் சேமக்கலமும் ஒலிக்கக் கோவிலுக்குப் போனோம். வருடத்தின் மிக நீண்ட இரவுகள் வரும் மாதத்துக்கு நம் முன்னோர் வைத்த ஒழுங்கு அது: அதிகாலையில் எழும்பு, வெளியே வா, கூடிப் பாடு. றோசன்தாலின் நோயாளிக்கு இன்றைய வைத்தியர் சொல்வதும் இதற்கு வெகுதூரம் இல்லை.

நம் மொழியையும் பாருங்கள். கண் குளிரப் பார்த்தோம், மனம் குளிர்ந்தது என்கிறோம். வெப்ப நாட்டில் பிறந்த மொழிக்குக் குளிர் என்பது மகிழ்ச்சி. இங்கு வந்தபின்தான் அது வசைச்சொல் ஆனது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சோர்ந்து கிடப்பவரிடம் போய் "மனதை மாற்று, சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். காலுடைந்தவரை ஓடச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் நாட்டமில்லாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். உயிரை வெறுத்துப் பேசினால் அன்றே போங்கள். காலையில் அரை மணி நேரம் முன்னால் இருக்கும் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கு, பேச்சுச் சிகிச்சை, மருந்து எல்லாம் இருக்கின்றன. கண் நோய் உள்ளவர்கள் விளக்கு வாங்கமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது சிறியது. காலையில் முதலில் யன்னல் சீலையை விலக்குங்கள். மப்பான பகலிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு மின்விளக்கைப் போலப் பல மடங்கு. வழுக்காத சப்பாத்துப் போட்டு, வீதி முனை வரையாவது போய் வாருங்கள். உறைபனி வழுக்கும் நாளில் வெளிச்சமான யன்னலோரம் இருந்து ஒருவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். வெயில் காலத்தில் செய்யாத ஏதாவது ஒன்றைக் குளிருக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. ரொறன்ரோவில் சூரியன் மிக நேரத்தோடு மறைவது டிசம்பர் 21 இல் அல்ல, அதற்குப் பத்து நாள் முன்பே. மார்கழி பிறக்கும்போதே பின்னேரங்கள் மெல்ல நீளத் தொடங்கியிருக்கும்.