வால்வை மாற்றும் முன் வோல்டேஜைப் பாருங்கள்

2024 மே 17-ஆம் தேதியோடு, அமெச்சூர் வானொலிக் கருவிகள் செய்யும் எம்எஃப்ஜே நிறுவனம் அமெரிக்காவில் தன் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதன் அமெரிட்ரான் லீனியர் பெருக்கிகளும் அந்த முடிவில் அடங்கும். ஹீத்கிட் எஸ்பி-220 பெருக்கியின் உற்பத்தி அதற்கும் வெகு காலம் முன்பே நின்றுவிட்டது. கம்பாரிலும் ஈப்போவிலும் 9எம்2 அழைப்புக் குறியோடு இந்தப் பெட்டிகளை இயக்குவோர், புதிய 3-500 இசட் வால்வுக்குப் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: பழைய வால்வு ஏன் செத்தது?

வயதாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தையும் விசாரிக்க வேண்டும். 2008 முதல் மலேசியாவின் அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட். அதற்கு மேல் 10 விழுக்காடு வரை ஏற அனுமதி உண்டு. 220 வோல்ட் டேப்பில் இணைத்த மின்மாற்றிக்கு 240 வோல்ட் போனால், 5 வோல்ட் பெற வேண்டிய வால்வு இழை 5.45 பெறும். 3-500 இசட்டின் உச்ச வரம்பு 5.25. இழை வோல்டேஜ் 3 விழுக்காடு கூடினால் தோரியம் கலந்த டங்ஸ்டன் இழையின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது வால்வு தயாரிப்பாளரான எய்மாக் தரும் கணக்கு. 9 விழுக்காடு கூடினால் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு.

இழை வோல்டேஜை வால்வுச் சாக்கெட்டின் முனைகளிலேயே அளந்து பாருங்கள். எஸ்பி-220இல் சுவிட்சைப் போட்டதும் இழையோடு 2,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட உயர் மின்னழுத்தமும் வந்துவிடும். பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டர்கள் வடிந்ததை மீட்டரில் உறுதிசெய்து, உயர் மின்னழுத்த மின்மாற்றியின் பிரைமரியைத் துண்டித்த பிறகே இழையை மட்டும் எரியவிடுங்கள், விசிறி ஓடட்டும். அளவு கூடுதலாக இருந்தால் டேப்பை மாற்றுங்கள். அதற்கு வழியில்லையென்றால் இழை மின்மாற்றியின் பிரைமரியில் தகுந்த ரெசிஸ்டரைச் சேருங்கள். 4.75க்குக் கீழே இறக்காதீர்கள்.

அலமாரியில் பல ஆண்டு கிடந்த மாற்று வால்வையும் எடுத்தவுடன் முழுச் சக்தியில் ஓட்டக் கூடாது. 3-500 இசட்டில் எஞ்சிய வாயுவை உறிஞ்சும் கெட்டர் ஆனோடிலேயே இருக்கிறது. ஆனோட் நன்கு சூடேறினால்தான் அது வேலை செய்யும். சில மணி நேரம் இழையை மட்டும் எரியவிட்டு, பிறகு குறைந்த ஆனோட் வோல்டேஜில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். வாயு பிடித்த வால்வு இப்படி மீளக்கூடும். இழையில் கார்பன் தீர்ந்த வால்வு எந்த வைத்தியத்துக்கும் மீளாது.

ஆகவே மாற்று வால்வுகளைப் பூட்டி வைக்காமல் முறைவைத்து ஓட்டுங்கள். பொருத்திய தேதி, இழை வோல்டேஜ், ஆனோட் மின்னோட்டம் மூன்றையும் ஒவ்வொரு வால்வின் அட்டைப்பெட்டியிலும் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு கையில் இல்லாமல் ‘வால்வு போச்சு’ என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.