பிரட்டு மணியும் கம்ப்யூட்டர் பாடமும்

சென்ற மாதம் ஒரு தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னிடம் படித்த அவர் மகன் இப்போது ஜொகூர் பாருவில் மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறான். "சார், என்னமோ டிசைன் பேட்டர்னாம். அதைப் படிச்சாத்தான் மேலே போக முடியுமாம். சங்கிலியை அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கும் அது புதுப் பாடம். பையனையே அழைத்து விளக்கச் சொன்னேன். கேட்கக் கேட்க, நம் தோட்டத்துப் பிரட்டு மணிதான் நினைவுக்கு வந்தது.

பிரட்டுக்கு ஆள் கூட்டக் கிராணியார் வீடு வீடாகக் கதவைத் தட்டியதில்லை. மணி அடிக்கும்; வேலைக்குரியவர்கள் வருவார்கள். லயத்துக்குப் புதுக் குடும்பம் வந்தாலும் மணி அடிப்பவர் வேலை மாறாது. பெரிய கடையின் மென்பொருளிலும் இப்படியே. பணம் கட்டியதும் ஒரு செய்தி புறப்படும். ரசீது தரும் பகுதி, சரக்கைக் கழிக்கும் பகுதி எல்லாம் அதைக் கேட்டுத் தத்தம் வேலையைச் செய்யும். நாளை இன்னொரு பகுதியைச் சேர்த்தாலும் பழையதை உடைக்க வேண்டாம். இதற்கு 'அப்சர்வர்' என்று பெயர்.

இந்த எண்ணம் பிறந்தது வீடு கட்டுவோரிடத்தில். கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞரும் அவர் குழுவினரும் 1977இல் 253 மாதிரிகளைத் தொகுத்து நூலாக்கினர். ஒவ்வோர் அறைக்கும் இரு பக்கம் வெளிச்சம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? பின்னர் 1994இல் நால்வர் சேர்ந்து மென்பொருளுக்கென 23 மாதிரிகளை நூலாக்கினர். அனுபவசாலிகளின் கைப்பழக்கத்துக்குப் பெயர் வைத்ததே இக்கல்வி.

ஆனால் பெயர்களை மனப்பாடம் செய்தால் போதாது. ஒரே வீட்டுக்குரிய சேதிக்கு மணி அடித்தால் தோட்டமே ஓடி வரும்! எதை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதையும், சொந்தமாக எழுதிப் பார்க்கும் பயிற்சியையும் தருகிற வகுப்பா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது பணம். 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட தொழில்களில், 10 மலேசியர்களுக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஊழியர்களின் பயிற்சிக்கே அந்தப் பணம். விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம்; அதுவும் வகுப்பு தொடங்குமுன். ஆகவே முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது வீண்.

நம் பிள்ளைகள் நன்றாக உழைப்பார்கள், கேட்கத்தான் கூச்சப்படுவார்கள். "எனக்கு இந்தப் பயிற்சி வேண்டும், லெவியில் அனுப்புங்கள்" என்று கேட்பது பிச்சையன்று.

அந்தப் பையன் கேட்டுவிட்டான். பதில் இன்னும் வரவில்லை. சங்கிலி தாயார் கழுத்திலேயே இருக்கிறது.